பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டு போனால் போதுமா?

கேள்வி இதுதான்: மழை மிகக் குறைவாகப் பெய்யும் வறண்ட பகுதிகளில் நீர்வளத்தைப் பெருக்குவது எப்படி, பெருக்கியதை நிர்வகிப்பது எப்படி? கூடவே ஒரு துணைக் கேள்வி. பெரிய ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டு வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பொதுவாகப் பதில் சொன்னால் "மழைநீரைச் சேமி, சொட்டுநீர் போடு, மரம் நடு" என்று மூன்று வரியில் முடிந்துவிடும். அதனால் யாருக்கும் பயனில்லை. ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: மேற்கு ராஜஸ்தானின் தார் பாலைவனம். ஜெய்சல்மேர், பாட்மேர், பிகானேர், ஜோத்பூர், ஸ்ரீகங்காநகர், ஹனுமான்கட் மாவட்டங்கள். பல நூற்றாண்டுகள் பழைய நீர்ச் சேமிப்பு, நாட்டின் மிக நீளமான கால்வாய்களில் ஒன்று, ஆழமான போர்வெல் என்று மூன்று வழிகளும் அங்கே பரீட்சை பார்க்கப்பட்டிருக்கின்றன. மூன்றின் விளைவையும் இன்று கண்ணால் பார்க்கலாம்.

முதலில் கணக்கு. ஜெய்சல்மேரின் சராசரி ஆண்டு மழை 200 மி.மீ.-க்கும் குறைவு. வறட்சிக்குப் பேர்போன நம் ராமநாதபுரத்தில்கூட அதைப் போல நான்கு மடங்குக்கு மேல் பெய்கிறது. அந்தக் கொஞ்ச மழையும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். சில ஆண்டுகளில் வராமலே போகும். ஆனால் அங்கே மழையைவிடப் பெரிய எண் ஒன்று இருக்கிறது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு 2 மீட்டருக்கு மேல் ஆவியாகிறது. அதாவது இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒரு குளத்தில் தண்ணீர் நின்றால், ஒருவரும் ஒரு குடம்கூட மொள்ளாமலே அதில் பாதிக்கு மேல் வானத்துக்குப் போய்விடும். ஆகவே பாலையில் அகலமான, ஆழமில்லாத அணை கட்டுவது பணத்தை வெயிலில் காயப்போடுகிற வேலை. தண்ணீரை எங்கே மறைத்து வைப்பது என்பதுதான் அந்த ஊர்க்காரர்கள் முதலில் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்.

அவர்கள் மூன்று இடங்களில் மறைத்தார்கள்: மூடிக்குக் கீழே, மணலுக்குள்ளே, வயல் மண்ணுக்குள்ளே.

மூடிக்குக் கீழே வைப்பது டாங்கா. வீட்டு முற்றத்திலோ ஊர்ப் பொதுவிலோ வட்டமாகத் தோண்டி, உட்புறம் சுண்ணாம்புச் சாந்து பூசி, மேலே மூடி போட்ட நிலத்தடித் தொட்டி. அதைச் சுற்றிலும் தொட்டியை நோக்கிச் சரிவாக, இறுக்கமாகத் தட்டிய களம் ஒன்று இருக்கும். அதற்கு ஆகோர் என்று பெயர். மழைக்கு முன் ஆகோரைப் பெருக்கிச் சுத்தம் செய்வார்கள். ஆடு மாடு ஏறவிட மாட்டார்கள், செருப்புக் காலோடு நடக்க மாட்டார்கள். ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் தொட்டியையே மேம்படுத்தி 21,000 லிட்டர் கொள்ளளவில் ஒரு வடிவம் கொடுத்தது. அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தம் உண்டு. ஆறு பேர் கொண்ட குடும்பம், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று வைத்தால், 350 நாள் வரும். 200 மி.மீ. மழை பெய்து, அதில் பாதிதான் தொட்டிக்கு வந்து சேரும் என்றாலும் 210 சதுர மீட்டர் களம் இருந்தால் தொட்டி நிறைந்துவிடும். நம் ஊர்க் கிராமத்து வீட்டு மனையில் அடங்குகிற அளவு இது. மழை ஓரளவு பெய்யும் ஆண்டுகளில், குடிநீரை மட்டும் எடுத்துக்கொண்டால் பாலைவனத்திலும் பற்றாக்குறை என்ற ஒன்று இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது. பற்றாக்குறை தொடங்குவது பாசனத்தில்.

மணலுக்குள்ளே வைப்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. தார் பாலைவனத்தின் நிலத்தடி நீர் பெரும்பாலான இடங்களில் உப்பு. பல இடங்களில் ஃபுளோரைடும் அதிகம். நூறடி, இருநூறடி தோண்டினால் வருவது வாயில் வைக்க முடியாத நீர். ஆனால் சில இடங்களில் மணலுக்கு அடியில், உப்பு நீருக்கு மேலே, ஜிப்சமோ கெட்டியான களிமண் கல்லோ கொண்ட ஓர் அடுக்கு ஓடுகிறது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு மாதிரி. மேலே பெய்த மழை மணலில் இறங்கி, அந்தத் தட்டில் தங்கி, கீழே உள்ள உப்பு நீரோடு கலக்காமல் மணல் துகள்களுக்கு நடுவே ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே மக்கள் நீரை மூன்றாகப் பிரித்துப் பேசுகிறார்கள். மேலே ஓடி வரும் மழை நீர் பாலர், ஆழத்து நீர் பாதாளி, இந்த இடைப்பட்ட ஈரம் ரேஜாணி. நாம் வழக்கமாக மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர் என்று இரண்டு கணக்குத்தான் பேசுகிறோம். நடுவில் இருக்கும் இந்த மூன்றாவதைத் தனியாகச் சொல்வதில்லை.

ரேஜாணி நீரை எடுக்கப் பேரி அல்லது குயீ எனப்படும் குறுகிய கிணறு தோண்டுகிறார்கள். ஒரு ஆள் குந்தி உட்கார்ந்து தோண்டும் அளவுக்குத்தான் அகலம். மணல் சரியாமல் இருக்கக் கல்லாலோ மரத்துண்டுகளாலோ, கீப் என்ற பாலைச் செடியில் திரித்த கயிற்றைச் சுருள் சுருளாக அடுக்கியோ உட்சுவர் கட்டுவார்கள். தோண்டுகிறவருக்கு மேலிருந்து கைப்பிடி கைப்பிடியாக மணலை வீசிக்கொண்டே இருப்பார்கள். விழும் மணல் கூடவே புதுக்காற்றையும் கீழே கொண்டு போகும். வாய் குறுகலாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊறி வரும் நீர் மிகக் கொஞ்சம். அகலமான கிணற்றில் அது தரையில் ஒரு படலமாகப் பரவி வாளிக்கே சிக்காது. குறுகிய கிணற்றில் அதே நீர் மொள்ளும் உயரத்துக்கு நிற்கும். ஒரு பேரி நாளுக்குச் சில குடம்தான் தரும்.

இதில் நிர்வாகம் எங்கே வருகிறது? பேரி தனிக் குடும்பத்துக்குச் சொந்தம். ஆனால் அது இருக்கும் நிலம் ஊர்ப் பொது. புதிதாக ஒரு பேரி தோண்டினால் ஏற்கெனவே இருப்பவற்றின் ஊற்றில் பங்கு குறையும். எனவே ஊர் சம்மதிக்காமல் புதிது தோண்ட முடியாது. ஒரு நீர்த்தேக்கத்தில் எத்தனை பேர் எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு வைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய நிலத்தடி நீர்ச் சட்டங்கள் எழுத்தில் கொண்டு வர முயல்கின்றன. எழுத்தில் மட்டும்.

மூன்றாவது இடம் வயல். ஜெய்சல்மேர் பகுதியில் பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் பரப்பிய கடீன் முறை. கல் பாங்கான மேட்டு நிலத்தின் சரிவிலிருந்து ஓடி வரும் மழையைத் தாழ்ந்த இடத்தில் நீளமான மண்கரை போட்டு மறிப்பார்கள். மிகுதியான நீர் வெளியேறக் கலிங்கு, தேங்கியதை வடிக்க மடை. நம் ஏரிக்கரையைப் போலவே தோன்றும். வேறுபாடு என்னவென்றால் இங்கே ஏரிக்கு உள்ளேதான் விவசாயம், ஆயக்கட்டு என்று வெளியே எதுவும் இல்லை. நீர் ஐப்பசி, கார்த்திகை வரை நின்று மண்ணில் இறங்கும். மீதியை மடை வழியே வடித்துவிட்டு, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதன் பிறகு ஒரு நீர்கூடப் பாய்ச்ச வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வண்டல் வந்து படிவதால் உரத்துக்கும் பெரிய தேவையில்லை. கரைக்கு வெளியே தோண்டிய கிணற்றில் கசிவு நீர் கிடைக்கும்.

150, 200 மி.மீ. மழையில் கோதுமை எப்படி விளையும்? ஒரு ஏக்கர் கடீனுக்குப் பத்துப் பதினைந்து ஏக்கர் சரிவு நிலம் சும்மா விடப்பட்டிருக்கும். அந்தப் பதினைந்து ஏக்கரின் மழையை ஒரு ஏக்கரில் குவிக்கிறார்கள், அவ்வளவுதான் சூத்திரம். இதே சூத்திரத்தை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய இஸ்ரேலின் தெற்கே உள்ள நெகேவ் பாலைவனத்தில் நபாட்டியர்கள் என்ற பழங்கால மக்கள் வைத்திருந்தார்கள். மைக்கேல் எவனாரி என்ற தாவரவியலாளர் 1950-களின் இறுதியில் ஷிவ்தா, அவ்தாத் ஆகிய இடங்களில் அவர்களுடைய பாழடைந்த பண்ணைகளைச் சீரமைத்து, பம்பு எதுவும் இல்லாமல் பயிர் வளர்த்துக் காட்டினார். இஸ்ரேல் என்றாலே சொட்டுநீர்க் குழாயை மட்டும் நினைப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

மடை என்ற ஒன்றை ஏன் வைத்தார்கள் என்பதை மறக்காதீர்கள். தேங்கிய நீரோடு உப்பும் வெளியே போகத்தான். அதற்கு மீண்டும் வருகிறேன்.

இனி கால்வாய். 1899-1900-இல் மேற்கு ராஜஸ்தானை உலுக்கிய பஞ்சத்தைச் சப்பனியா அகால் என்பார்கள். வடநாட்டு விக்கிரம ஆண்டுக் கணக்கில் 1956-இல் வந்ததால் அந்தப் பெயர்; சப்பன் என்றால் ஐம்பத்தாறு. அதிகாரத்துக்கு வந்த கையோடு அதைச் சந்தித்த பிகானேர் மன்னர் கங்கா சிங், சத்லஜ் நீரைத் தன் நாட்டுக்குக் கொண்டு வருவதில் குறியாக இருந்து, 1927-இல் கங் கால்வாயைத் திறந்தார். பிகானேரின் பொறியாளர் கன்வர் சேன் அதைவிடப் பெரிய திட்டத்தை முன்வைத்தார். 1958-இல் அடிக்கல் நாட்டப்பட்டு ராஜஸ்தான் கால்வாய் என்றும், 1984-க்குப் பிறகு இந்திரா காந்தி கால்வாய் என்றும் அழைக்கப்படுவது அதுதான். பஞ்சாபில் சத்லஜும் பியாஸும் சேரும் ஹரிகே தடுப்பணையில் தொடங்கி, 204 கி.மீ. ஊட்டுக் கால்வாயும் 445 கி.மீ. முதன்மைக் கால்வாயுமாக 649 கி.மீ. ஓடுகிறது. தொடங்கும் இடத்தில் அதன் கொள்ளளவு வினாடிக்கு 18,500 கன அடி. 1987-இல் நீர் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மோகன்கட் வரை வந்து சேர்ந்தது.

இதை வெறும் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிகானேர், ஜோத்பூர் நகரங்கள் இன்று குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். ஒட்டகத்தின் முதுகில் தோல்பையில் நீர் சுமந்து வந்த ஊர்களில் குழாய் வந்தது. கங்காநகர், ஹனுமான்கட் மாவட்டங்கள் கோதுமைக்கும் பருத்திக்கும் கடுகுக்கும் பேர்பெற்றன. இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பழைய முறையை மட்டும் புகழ்வது, குடம் சுமக்காதவர்களுக்கு எளிது.

ஆனால் கால்வாய்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள், அல்லது கவனித்தும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பேரிக்கு இனிப்பு நீர் தந்த அதே கெட்டி அடுக்குதான், கால்வாயில் பின்னர் கட்டப்பட்டு ஜெய்சல்மேர் நோக்கிப் போகும் இரண்டாம் கட்டப் பகுதியில் பல இடங்களில் ஆழமில்லாமல் ஓடுகிறது. மழை 200 மி.மீ. பெய்தபோது அது வரம். ஆண்டு முழுவதும் கால்வாய்ப் பாசனம் இறங்கியபோது நீர் போக்கிடமில்லாமல் மேலே ஏறியது. முன்னதாகக் கட்டப்பட்ட வடக்கே உள்ள முதல் கட்டப் பகுதியிலும் நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் உயர்ந்தது. கக்கர் ஆற்றின் வெள்ளத்தை மணல்மேடுகளுக்கு நடுவேயுள்ள பள்ளங்களில் திருப்பிவிட்டதும் சேர்ந்துகொண்டது. ஹனுமான்கட் மாவட்டத்தில் படோபல் போன்ற ஊர்களில் வீடுகளின் அடித்தளம் ஊறிச் சுவர் இடிந்தது. வயல் உப்புப் பூத்தது. மக்கள் இடம் பெயர்ந்தார்கள். பாலைவனத்தில் தண்ணீர் மிகுந்து ஊர் காலியாயிற்று. இந்த நோய்க்கு அங்கே சேம் என்று பெயர். நீர் வேர்மட்டத்துக்கு வந்ததும் வெயில் அதை உறிஞ்சும், உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். கடீனில் இருந்த அந்தச் சிறிய மடைக்கு இணையான ஒன்று 649 கி.மீ. திட்டத்தில் தொடக்கத்திலேயே போதுமான அளவு வைக்கப்படவில்லை. வடிகாலுக்குச் செலவு அதிகம், அதில் யாருக்கும் ஓட்டு விழாது. பிறகு கால்வாயோரம் யூகலிப்டஸ் நட்டு வேர் வழியே நீரை உறிஞ்ச வைத்துப் பார்த்தார்கள். சில இடங்களில் நீர்மட்டம் இறங்கியது.

பயிர்த் தேர்வும் சேர்ந்தே கெட்டது. கால்வாயின் முதல் கட்டத்தில் 1,000 ஏக்கருக்கு வினாடிக்கு 5.23 கன அடி, இரண்டாம் கட்டத்தில் 3 கன அடி என்று ஒதுக்கீடு. மணல் நிலத்துக்கு அளவாகப் பாய்ச்ச வேண்டும் என்பதே திட்டம். ஆனால் தொடக்க ஆண்டுகளில் கடைமடைப் பகுதிகளில் கால்வாயே முடியவில்லை. தலைமடைக்காரர்களுக்கு வேண்டிய மட்டும் கிடைத்தது. அந்தத் தாராளத்துக்கு ஏற்பப் பயிர் வைத்துப் பழகிவிட்டார்கள். கால்வாய் நீண்டு, பங்கு கேட்கும் ஆட்கள் பெருகியதும் சண்டை வந்தது. 2004-இல் ஸ்ரீகங்காநகர் மாவட்டம் கட்சானா, ராவ்லா பகுதிகளில் தண்ணீருக்காக நடந்த விவசாயிகள் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலியும் நேர்ந்தன. வறண்ட பகுதியில் ஒரு திட்டத்தின் முதல் ஐந்தாண்டுகளில் கொடுக்கும் தண்ணீர்தான் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கான உரிமையாகிவிடும். மிச்சமிருக்கிறதே என்று முதலில் வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுப்பதைப் போலத் தவறான தொடக்கம் வேறில்லை.

அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காததற்கு இன்னும் இரண்டு சான்றுகள் உண்டு. 2006 ஆகஸ்டில் பாட்மேரில் பேய்மழை. கவாஸ் என்ற ஊர் பழைய நீரோட்டப் பாதையில் இருந்தது; முழுகியது. மழை நின்ற பிறகும் மாதக்கணக்கில் வெள்ளம் வடியவில்லை. காரணம் கீழே இருந்த ஜிப்சம். மற்றொன்று ஜோத்பூர் நகரம். கால்வாய் நீர் குழாயில் வரத் தொடங்கியதும் நகரத்தின் பழைய குளங்களையும் படிக்கிணறுகளையும் பயன்படுத்துவது குறைந்தது. வெளியிலிருந்து வரும் நீரில் ஒரு பகுதி கசிந்து தரைக்குள் போகிறது. உள்ளூரில் எடுப்பவர் இல்லை. பழைய நகரத்தில் கடைகளின் நிலவறைகளில் தண்ணீர் ஊறி, மோட்டார் வைத்து இறைக்க வேண்டிய நிலை. பாலைவன நகரத்தில் நிலவறையில் நீர் இறைப்பதை வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்புவதில்லை.

போர்வெல் பற்றிச் சுருக்கமாக. ராஜஸ்தான் முழுமைக்கும் ஆண்டுதோறும் ஊறுவதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நிலத்தடி நீர் எடுக்கப்படுகிறது. ஜெய்சல்மேரின் லாட்டி மணற்பாறை அடுக்கில் நல்ல நீர் உண்டு; ஆனால் அதில் பெரும்பங்கு பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரமான காலத்தில் சேர்ந்தது. 2024 டிசம்பர் கடைசியில் மோகன்கட் அருகே போர் போடும்போது அழுத்தத்தோடு நீர் பீறிட்டு, துளையிடும் வண்டியே பள்ளத்தில் புதைந்தது. சரஸ்வதி ஆறு வெளிப்பட்டுவிட்டது என்று பலர் கொண்டாடினார்கள். இரண்டு மூன்று நாளில் ஓட்டம் நின்றது. சரஸ்வதியோ வேறோ, அது பழைய சேமிப்பு. வட்டி கிடையாது, எடுத்தால் முதல்தான் குறையும்.

இப்படிப்பட்ட நீரில் என்ன பயிரிடலாம் என்பதற்குச் சவூதி அரேபியாவைப் பாருங்கள். 1970-களின் இறுதியிலிருந்து ஆழத்துப் பழைய நீரை இறைத்து, மானியம் கொடுத்து, கோதுமை விளைவித்தார்கள். 1992-இல் ஏறத்தாழ 40 லட்சம் டன். ஏற்றுமதியும் செய்தார்கள். நீர்மட்டம் விழுந்தது. 2008-இல் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்து, 2016-இல் உள்நாட்டுக் கொள்முதலை நிறுத்தினார்கள்; பின்னர் வரம்புக்குட்பட்டுத் திரும்ப அனுமதித்தார்கள். எண்ணெய்ப் பணம் இருந்ததால் தவறை நிறுத்திவிட்டு இறக்குமதிக்குப் போக முடிந்தது. பாட்மேர் விவசாயிக்கு அந்த வசதி இல்லை.

பாட்மேரில் சில ஆண்டுகளாக மாதுளை பெருகியிருக்கிறது. சொட்டுநீரில் நன்றாக வருகிறது, நல்ல விலை. இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொட்டுநீர் ஒரு மரத்துக்கான நீரைக் குறைக்கும்; நிலத்தடி நீரைக் காப்பாற்றும் என்று பொருளல்ல. மிச்சமான நீரில் விவசாயி இன்னும் நாலு ஏக்கரில் நடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். மொத்தம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற உச்சவரம்பு இல்லாத இடத்தில் சொட்டுநீர் மானியம் என்பது பரப்பளவைக் கூட்டும் மானியம்.

இஸ்ரேலில் பலன் கொடுத்ததும் அந்த உச்சவரம்புதான். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே நீர் முழுவதும் அரசின் பொறுப்பில். கிணற்று நீருக்கும் மீட்டர், ஒதுக்கீடு, விலை. 1964-இல் கலிலேயா ஏரியிலிருந்து தெற்கே நாடு தழுவிய குழாய் வந்தது. நகரக் கழிவுநீரில் மிகப் பெரும்பகுதி, 85 சதவீதத்துக்கு மேல், சுத்திகரித்து விவசாயத்துக்குப் போகிறது. 2005-இல் அஷ்கெலோன் ஆலையோடு கடல்நீர்ச் சுத்திகரிப்பு பெரிதாயிற்று. சொட்டுநீர்க் குழாய் இந்த ஏற்பாட்டின் கடைசி நுனி. நாம் நுனியை மட்டும் வாங்கி வருகிறோம். அதே சமயம் அவர்களை வழிபடவும் தேவையில்லை. இஸ்ரேல், ஜோர்டான், சிரியா மூன்றும் சாக்கடலுக்கு வரும் ஜோர்டான் ஆற்று நீரை மேலேயே எடுத்துவிட்டதாலும், கரையிலுள்ள உப்பு, பொட்டாஷ் ஆலைகளாலும் சாக்கடலின் மட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்குகிறது. அந்தப் பகுதியின் நீர்ப் பங்கீட்டில் பாலஸ்தீனர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பது தனியாகப் பேச வேண்டிய சண்டை.

சரி, தாரில் இன்று உருப்படியாக நடப்பது எது? எனக்குப் பிடித்தது டிக்கி. கால்வாய்ப் பாசனத்தில் வாராபந்தி என்ற முறை நீர் ஏற்பாடு உண்டு. நிலத்தின் அளவுக்கேற்ப வாரத்தில் இத்தனை நேரம் என்று ஒவ்வொருவருக்கும் முறை வரும். முறை வந்தால் பயிருக்குத் தேவையோ இல்லையோ பாய்ச்சியே ஆக வேண்டும். நடுராத்திரியில் வந்தாலும் அப்படித்தான். சேம் உண்டாக இதுவும் ஒரு காரணம். டிக்கி என்பது வயல் ஓரத்தில் உள்ள சிறிய நீர்த்தொட்டி. முறை நீரை அதில் இறக்கிவிட்டு, பயிர் கேட்கும்போது தெளிப்பானிலோ சொட்டுநீரிலோ கொடுக்கலாம். கால்வாய் ஒதுக்கீடு ஏற்கெனவே வரம்புக்குட்பட்டது என்பதால், இங்கே சொட்டுநீரால் மிச்சமாகும் நீர் உண்மையிலேயே மிச்சம். ஆண்டுதோறும் பராமரிப்புக்காகக் கால்வாயை அடைக்கும் வாரங்களிலும் கை கொடுக்கும். ஆவியாதல் இழப்பு உண்டுதான். ஆழமாகவும் குறுகலாகவும் தோண்டினால் அது குறையும்.

இரண்டாவது, நீர்ப்பிடிப்பு நிலத்தைக் காப்பது. ஜெய்சல்மேரின் கடிசர் ஏரி பதினான்காம் நூற்றாண்டில் சீரமைக்கப்பட்டது. ஊரின் குடிநீரே அதுதான். குழாய் வந்த பிறகு அது சுற்றுலாப் படகு விடும் இடமாயிற்று. ஆகோர் நிலத்தின் மேல் இருந்த கட்டுப்பாடு குழாய் வந்த ஊரில் எல்லாம் தளர்ந்தது. இன்று கோயில் காடுகளான ஓரன்களும் மேய்ச்சல் நிலங்களும் அரசுப் பதிவேட்டில் தரிசு என்று இருப்பதால் சூரிய மின்பூங்காக்களுக்கும் காற்றாலைகளுக்கும் போகின்றன. ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரனுக்காக மக்கள் போராடியதற்குக் காரணம் பக்தி மட்டுமில்லை. கடீனுக்கும் குளத்துக்கும் நீர் வந்து சேரும் சரிவு அந்த நிலம். சும்மா கிடக்கும் பதினைந்து ஏக்கர் இல்லையென்றால் விளையும் ஒரு ஏக்கரும் இல்லை என்று முன்னே சொன்ன கணக்கைத் தரிசு என்ற பதிவு ஒரே கோட்டில் அடித்துவிடுகிறது.

மூன்றாவது, குழாய் வந்த வீட்டிலும் டாங்காவை விட்டுவிடாமல் வைத்திருப்பது. பஞ்சாபின் கழிவு இந்தக் கால்வாயில்தான் வருகிறது. 2018 மே மாதம் ஒரு சர்க்கரை ஆலையின் கழிவு பியாஸில் கலந்து மீன்கள் செத்து, அந்தக் கருநீர் இறங்கி ராஜஸ்தானின் குடிநீர் வரை தொல்லை கொடுத்தது. 650 கி.மீ. தொலைவில் உள்ள தலைமடையை நம்பி இருக்கும் ஊருக்குச் சொந்தமாக ஒரு வருடத்துக் குடிநீர் தொட்டியில் இருப்பது ஆடம்பரமில்லை.

கடைசியாக, உப்பு நீரைச் சுத்திகரிப்பதைப் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு வார்த்தை. கடல்நீரைச் சுத்திகரித்து உள்நாட்டுக்கு ஏற்றுவது முடியாத காரியமில்லை. சவூதியில் ஜுபைலிலிருந்து ரியாத்துக்குப் போகிறது. குடிநீருக்கு அந்தச் செலவு தாங்கும், கோதுமைக்குத் தாங்காது. தாரில் நடைமுறையில் இருப்பது கிராமத்து ஆர்.ஓ. ஆலைகள், உள்ளூர் உப்பு நீரையே சுத்திகரிக்கின்றன. ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு அது தேவை. ஆனால் உள்ளே போகும் நீரில் கணிசமான பங்கு இன்னும் செறிந்த உப்பு நீராக வெளியே வரும். பல இடங்களில் அதை ஆலைக்குப் பின்னால் உள்ள பள்ளத்திலோ தெருவிலோ விடுகிறார்கள். அது இறங்குவது அதே நிலத்தடி நீரில். உங்கள் ஊரில் ஆலை வைக்கப் போகிறார்கள் என்றால், ஒரு குடம் என்ன விலை என்பதோடு கழிவு நீர் எங்கே போகும் என்றும் கேளுங்கள். அடியில் தார்ப்பாய் போட்ட ஆவியாக்கும் குட்டை ஒன்று மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்காவது அந்த ஊர் வெயில் உதவும்.